கோவையில் எத்தனை பேர்? மூணு விடை, மூணுமே சரி

ஒரு சின்ன க்விஸ். 2011 சென்சஸ்படி கோயம்புத்தூரின் மக்கள்தொகை என்ன?

(அ) பத்தரை லட்சம்
(ஆ) கிட்டத்தட்ட 15.85 லட்சம்
(இ) 21 லட்சத்துக்கும் மேல்

கூகுள் பண்ணிப் பாருங்க, மூணும் வரும். மூணுமே சரி. ஒரே கணக்கெடுப்பு, ஒரே வருஷம், ஒரே ஊர். ஆட்களை எண்ணியதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஊர் எங்கே முடிகிறது என்று கோடு போட்டதில்தான் வித்தியாசம்.

முதல் எண், சென்சஸ் எடுத்த நாளில் இருந்த மாநகராட்சி எல்லைக்கு உரியது. சுமார் 105 சதுர கிலோமீட்டர். அந்த 2011-லேயே, கணக்கெடுப்பு முடிந்து சில மாதங்கள் கழித்து, உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி மாநகராட்சி பெரிதானது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர் போன்ற பேரூராட்சிகளும் உள்ளே வந்தன. பரப்பு 257 சதுர கிலோமீட்டர் ஆனது. பழைய சென்சஸ் எண்களை இந்தப் புது எல்லைக்குள் கூட்டிப் போட்டால் இரண்டாவது விடை வரும். மூன்றாவது விடை சென்சஸ்காரர்களே போட்ட கோடு. மாநகராட்சி எது, பேரூராட்சி எது என்று பார்க்காமல், ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த நகரப் பகுதிகளையெல்லாம் சேர்த்து ‘அர்பன் அக்ளோமரேஷன்’ என்று ஒரு பட்டியல் போடுவார்கள். தமிழில் கூட்டு நகர்ப்பகுதி என்று சொல்லலாம். நாம் இனிமேல் சுருக்கமாக யூ.ஏ. என்றே வைத்துக்கொள்வோம்.

‘சரி, ஜெனரல் நாலெட்ஜுக்கு நல்லா இருக்கு, அப்புறம்?’ என்று கேட்பவர்களுக்கு: இந்த மூன்றில் எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதை வைத்து ஒரு ஊருக்கு மெட்ரோ கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

20 லட்சம் என்ற கோடு

2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது நடந்த அரசியல் சண்டையை டீக்கடையிலேயே கேட்டு முடித்திருப்பீர்கள், அதற்குள் போக வேண்டாம். நமக்கு வேண்டியது அதில் சொல்லப்பட்ட ஒரு காரணம். 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் மெட்ரோ, 2011 கணக்குப்படி கோவை அதற்கும் கீழே. இங்கே எடுத்துக்கொண்டது மேலே சொன்ன விடை (ஆ), அதாவது விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லை. தமிழ்நாட்டுத் தரப்பு சொன்னது, திட்டப் பகுதி மாநகராட்சியைவிடப் பெரியது, அதை எடுத்தால் 2011-லேயே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று. அவர்கள் எடுத்தது உள்ளூர் திட்டக் குழுமத்தின் எல்லை. அது நான்காவது கோடு! பரப்பு 1,200 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

மக்கள்தொகை மட்டுமே காரணமாகச் சொல்லப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்பார்க்கும் பயணிகள் எண்ணிக்கை அதிகமாகக் காட்டப்பட்டிருக்கிறது, சில இடங்களில் சாலை அகலம் போதாது என்ற ஆட்சேபங்களும் இருந்தன. அவை தனி விவாதம். ஆனால் மக்கள்தொகை வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் சொன்ன எண்கள் நிஜமானவை. சண்டை கோட்டைப் பற்றியது.

இந்த 20 லட்சம் எவ்வளவு இறுக்கமான விதி? பாட்னாவைப் பாருங்கள். 2011-ல் மாநகராட்சி 16.8 லட்சம், யூ.ஏ. 20.5 லட்சம். கோவை மாதிரியே கோட்டின் இரு பக்கமும் கால் வைத்த ஊர். அதன் மெட்ரோவுக்கு 2019-ல் ஒப்புதல் கிடைத்தது. போபாலின் யூ.ஏ. 18.8 லட்சம், ஆக்ராவின் யூ.ஏ. சுமார் 17.6 லட்சம். எந்தக் கோட்டை எடுத்தாலும் 20 வராது. ஆனாலும் 2018-19-ல் இரண்டுக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆக, இது பூட்டு போட்ட கதவு இல்லை. எப்போது அளவுகோலாகக் காட்டலாம், எப்போது தள்ளி வைக்கலாம் என்பது அதைக் கையில் வைத்திருப்பவரைப் பொறுத்தது. எந்த எல்லைக்குள் எண்ண வேண்டும் என்று கறாராக ஒரு வரி இருந்தால் இந்த இடைவெளியில் பாதி அடைபட்டுவிடும்.

மதுரையின் கதை வேறு. அதன் யூ.ஏ. 2011-ல் 14.6 லட்சம்தான். கோட்டை எப்படி இழுத்தாலும் அந்த வருஷக் கணக்கில் 20 வராது. அங்கே பிரச்சினை 15 வருஷப் பழைய எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த 30 வருஷத்துக்குத் திட்டம் போடுவது. இரண்டு ஊரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துப் பேசியதில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

சென்சஸ் எப்படிக் கோடு போடுகிறது?

சென்சஸில் ‘நகரம்’ என்றால் இரண்டு வகை. ஒன்று, மாநில அரசு சட்டப்படி நகரம் என்று அறிவித்தது: மாநகராட்சி, நகராட்சி, நம்ம ஊரில் பேரூராட்சியும் இதில் சேரும். இன்னொன்று ‘சென்சஸ் டவுன்’. நிர்வாகத்தில் அது இன்னும் கிராம ஊராட்சிதான். ஆனால் குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது அடர்த்தி இருக்க வேண்டும், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் சென்சஸ் அதை நகரம் என்று எண்ணும். (பெண்களின் வேலையைப் பற்றி அந்த விதி ஒன்றும் கேட்பதில்லை. பஞ்சாலை, பின்னலாடை வேலைக்குப் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் போகும் கோவை-திருப்பூர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த விதியைப் படித்தால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது.)

யூ.ஏ. என்பது இப்படிப்பட்ட நகரங்கள் ஒன்றோடொன்று உடல் ஒட்டி வளர்ந்திருந்தால் அவற்றைச் சேர்த்துக் கட்டும் மூட்டை. அதில் ஒன்றாவது சட்டப்படியான நகரமாக இருக்க வேண்டும், மொத்தம் 20,000 பேருக்குக் குறையக்கூடாது. நகரை ஒட்டி வளர்ந்த ரயில்வே காலனி, பல்கலைக்கழக வளாகம், துறைமுகப் பகுதி போன்றவையும் புறவளர்ச்சி என்ற பெயரில் உள்ளே வரும்.

இந்த விதிகள் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்று பார்க்க கேரளாவுக்குப் போகலாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும், பக்கம்தான். 2001-ல் கேரளாவில் 99 சென்சஸ் டவுன்கள் இருந்தன. 2011-ல் அது 461. நகர மக்கள் விகிதம் 26 சதவீதத்திலிருந்து 47.7-க்குத் தாவியது. பத்து வருஷத்தில் பாதி கேரளம் ஊரைக் காலி பண்ணி டவுனுக்குக் குடியேறவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வேலை மாறியது, வீடுகள் நெருங்கின, சென்சஸ் அவர்கள்மேல் வேறு லேபிளை ஒட்டியது. மலப்புரம் யூ.ஏ. 2001-ல் 1.7 லட்சம், 2011-ல் 17 லட்சம். பத்து மடங்கு! பத்து லட்சத்தைத் தாண்டிய யூ.ஏ.க்கள் கேரளாவில் 7, தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று 4 மட்டும்.

இதில் நமக்கு முக்கியமான ஊர் கொச்சி. கொச்சி மாநகராட்சி சுமார் 95 சதுர கிலோமீட்டர், 2011-ல் ஏறக்குறைய 6 லட்சம் பேர். அதன் யூ.ஏ. 21 லட்சத்துக்கும் மேல், கிட்டத்தட்ட கோவை யூ.ஏ. அளவு. கொச்சி மெட்ரோவுக்கு 2012-ல் ஒப்புதல் கிடைத்து 2017-ல் ஓட ஆரம்பித்தது. அது 2017 கொள்கைக்கு முந்தைய ஒப்புதல் என்பதால், அதே தராசில் வைத்துக் கோவையோடு நேரடியாக ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் அதன் வழித்தடத்தைப் பாருங்கள். ஆலுவா நகராட்சியில் தொடங்கி, களமசேரி நகராட்சி வழியாக, கொச்சி மாநகராட்சிக்குள் நுழைந்து, திருப்பூணித்துறை நகராட்சியில் முடிகிறது. இந்த ரயிலின் இரண்டு முனைகளும் மாநகராட்சிக்கு வெளியே. 6 லட்சம் பேர் ஊர் என்று மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தடத்தையே யாரும் வரைந்திருக்க மாட்டார்கள்.

யூ.ஏ.வுக்கும் ஒரு கண்மூடித்தனம் உண்டு. அது மாநில எல்லையைத் தாண்டாது. டெல்லி யூ.ஏ. 2011-ல் 1.63 கோடி. அதில் நொய்டா இல்லை, காஜியாபாத் இல்லை, குருகிராம் இல்லை. டெல்லி மெட்ரோ மூன்றுக்கும் ஓடுகிறது! நம்ம பக்கத்தில் ஓசூர் அப்படித்தான். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் போய்வருபவர்களுக்கு அது பெங்களூரின் ஒரு மூலை. சென்சஸ் புத்தகத்தில் வேறு மாநிலத்தின் தனி ஊர்.

கோடு மாறினால் மாடல் எப்படி மாறும்?

இது சிவில் பசங்களுக்கான பகுதி. மற்ற டிபார்ட்மென்ட்காரர்களும் தைரியமாகப் படிக்கலாம், ஃபார்முலா கிடையாது.

ஒரு நகரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும்போது முதல் வேலை ஆய்வுப் பகுதியைத் தீர்மானிப்பது. அந்த எல்லைக்கு கார்டன் லைன் என்று பெயர். அதற்குள் இருக்கும் இடத்தைச் சின்னச் சின்ன மண்டலங்களாக வெட்டுவார்கள். பெரும்பாலும் வார்டு எல்லைதான் மண்டல எல்லை, ஏனென்றால் சென்சஸ் எண் வார்டு வாரியாகத்தான் கிடைக்கும். பிறகு நாலு படி. ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போகும், எதில் போகும், எந்த ரோட்டில் போகும். பாடப்புத்தகத்தில் வரும் அதே நாலு படி மாடல்தான்.

இப்போது அன்னூரில் குடியிருந்து சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்கு தினமும் டூவீலரில் வருகிறவரை எடுத்துக்கொள்வோம். கார்டன் லைன் அன்னூரையும் உள்ளே வைத்திருந்தால் அவருடைய வீடு ஒரு மண்டலம். அவர் வீட்டில் சர்வே எடுப்பார்கள். எத்தனை வண்டி, என்ன வருமானம், பஸ் இருந்தால் மாறுவாரா என்று கேட்பார்கள். மாடலுக்குள் அவர் ஒரு முழு மனிதர்.

கார்டன் லைனை மாநகராட்சி எல்லையிலேயே நிறுத்திவிட்டால்? அதே மனிதர் சத்தி ரோட்டில் எல்லையைக் கடக்கும் ஒரு வண்டி, அவ்வளவுதான். ரோட்டோரம் நின்று எண்ணுபவர் ஒரு கோடு கிழிப்பார், சிலரை மட்டும் நிறுத்தி எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். எதிர்காலக் கணிப்பில் இந்த மாதிரி வெளிப் பயணங்களை வழக்கமாக ஒரு வளர்ச்சி விகிதத்தால் பெருக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது படி, அதாவது ‘எதில் போவார்’ என்ற கேள்வி, அவரிடம் கேட்கப்படுவதே இல்லை. டூவீலரில் வந்தவர் 2050-லும் டூவீலரிலேயே வருவார் என்று மாடல் நம்பிக்கொண்டிருக்கும்.

விளைவு என்ன? எல்லைக்குள் ஃப்ளைஓவர் தேவை என்று மாடல் சொல்லும், ஏனென்றால் வண்டிகள் வந்து குவிவது அதற்குத் தெரிகிறது. அன்னூருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட்டால் அந்த வண்டிகளில் எத்தனை குறையும் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. மேட்டுப்பாளையம் மெமு ரயிலையோ திருப்பூர்-கோவை ரயில்களையோ கூட்டினால் அவிநாசி ரோட்டில் என்ன ஆகும் என்பதும் அதே கதை. திருப்பூர் சென்சஸில் 9.6 லட்சம் பேர் கொண்ட தனி யூ.ஏ., தனி மாவட்டம். நடுவில் சூலூர், சோமனூர், அவிநாசி என்று ஆலையும் தறியும் காலேஜும் தொடர்ந்து இருக்கும் 50 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் தனித்தனித் திட்டம் போட்டால் அந்த நடுப்பகுதி இரண்டு திட்டத்திலும் ஓரம்தான்.

என்னைக் கேட்டால் மெட்ரோ சண்டையைவிட இதுதான் பெரிய இழப்பு. மெட்ரோ போனால் பேப்பரில் வரும். வராத பஸ்ஸைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

‘அப்படின்னா கோட்டைப் பெரிசா போட்டுட்டா போச்சு’ என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கோட்டை விரித்தால் மக்கள்தொகை கூடும், அடர்த்தி குறையும். பழைய கோவை எல்லையில் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 10,000 பேர். 257 சதுர கிலோமீட்டர் எல்லையில் 6,000 சொச்சம். திட்டக் குழும எல்லைக்குப் போனால், 25 லட்சம் பேர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 2,000 வாக்கில்தான். அதிகத் திறன் கொண்ட ரயிலுக்கு வேண்டியது, ஒரு வழித்தடத்தில் நெரிசல் நேரத்தில் மணிக்கு ஒரு திசையில் எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள் என்ற எண். மொத்த மக்கள்தொகை அதற்கு ஒரு தோராயமான மாற்று மட்டுமே. பெரிய கோடு போட்டு 20 லட்சத்தைத் தாண்டிக் காட்டலாம். ஆனால் அதே பெரிய கோடு ‘இவ்வளவு பரந்து கிடக்கும் ஊருக்கு மெட்ரோ எதற்கு, பஸ் போதுமே’ என்ற கேள்வியையும் கூடவே இழுத்து வரும். அந்தக் கேள்வி தப்பான கேள்வியும் இல்லை.

அமெரிக்காவில் இது சட்டம்

சென்சஸ் கோட்டையும் போக்குவரத்துப் பணத்தையும் நேரடியாக முடிச்சுப் போட்ட நாடு அமெரிக்கா. 1962-லேயே ஒரு நெடுஞ்சாலைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 50,000 பேருக்கு மேல் உள்ள நகர்ப்பகுதி என்றால், சுற்றுவட்டார உள்ளாட்சிகள் எல்லாம் சேர்ந்து தொடர்ச்சியாகத் திட்டம் போட வேண்டும், இல்லாவிட்டால் மத்திய அரசின் சாலைப் பணம் கிடையாது. இதற்காகவே பெருநகரத் திட்ட அமைப்புகள் என்று ஊருக்கு ஊர் உருவாயின. அங்கே நகர்ப்பகுதி எல்லையை மேயரும் முடிவு செய்வதில்லை, மாநிலமும் முடிவு செய்வதில்லை. சென்சஸ் பீரோ சின்னச் சின்ன பிளாக்குகளின் அடர்த்தியை வைத்து விதிப்படி வரைகிறது. மாநில எல்லை குறுக்கே வந்தாலும் கோடு நிற்காது.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை புது வரைபடம் வரும்போது அங்கே பல ஊர்களில் வயிற்றைக் கலக்கும். 49,000-ல் இருந்த ஊர் 50,000-ஐத் தாண்டினால் புதிதாகத் திட்ட அமைப்பு தொடங்க வேண்டும். 2 லட்சத்தைத் தாண்டினால் வேறு கேட்டகிரி. கைக்கு வரும் பணம் கூடும். ஆனால் டிரைவர் சம்பளம், டீசல் போன்ற அன்றாடச் செலவுக்கு மத்தியப் பேருந்து நிதியைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு வரும், சின்ன பஸ் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. ஊர் வளர்ந்ததற்குத் தண்டனையா என்று கேட்கத் தோன்றும்.

2020 சென்சஸில் விதியையே மாற்றினார்கள். மக்கள் அடர்த்திக்குப் பதில் வீடுகளின் அடர்த்தி, குறைந்தபட்ச அளவு 2,500 பேரிலிருந்து 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள். 2022 டிசம்பர் கடைசியில் பட்டியல் வெளியானபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் ஒரே நாளில் நகரப் பட்டியலிலிருந்து வெளியே போயிருந்தன. நம்ம கேரளக் கதையைத் தலைகீழாகத் திருப்பியது மாதிரி.

ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. சென்சஸ் கோடு பிளாக் பிளாக்காகப் போவதால் பல்லுப் பல்லாக இருக்கும். ஒரே சாலை உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும். அதனால் போக்குவரத்துக்காரர்கள் அதைச் சீராக்கிக்கொள்ளலாம். வெளிப்பக்கமாக விரித்து ஓர் ஏர்போர்ட்டையோ தொழிற்பேட்டையையோ சேர்த்துக்கொள்ளலாம். சென்சஸ் உள்ளே வைத்ததை மட்டும் வெளியே தள்ளக் கூடாது. எண்ணுவதற்கு ஒரு கோடு, திட்டத்துக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய கோடு, இரண்டுக்கும் எழுத்தில் விதி. நம்மிடம் மாநகராட்சி, யூ.ஏ., திட்டக் குழுமம் என்று கோடுகள் நிறைய இருக்கின்றன. எந்த வேலைக்கு எது என்ற விதிதான் இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களுக்கான மானியத்தை யூ.ஏ. அடிப்படையில் பார்த்தது. மெட்ரோ என்று வந்தால் மாநகராட்சி எல்லை காட்டப்படுகிறது. இரண்டும் அதே டெல்லியிலிருந்துதான்.

எங்கே வேலைக்குப் போறீங்க?

நம்ம சென்சஸில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2011-ல் விவசாயம், வீட்டுத் தொழில் தவிர்த்த மற்ற தொழிலாளர்களிடம், வேலை செய்யும் இடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நடை, சைக்கிள், டூவீலர், பஸ், ரயில் என்று வகை வாரியாக, பி-28 என்ற அட்டவணையில் மாவட்ட வாரியாகக் கிடைக்கிறது. இலவச டவுன்லோடுதான்.

ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட்டார்கள். எங்கே போகிறீர்கள்? தூரம் தெரியும், திசை தெரியாது. சூலூர்க்காரர் 20 கிலோமீட்டர் போகிறார் என்றால் அது காந்திபுரமா, பல்லடமா என்று அட்டவணை சொல்லாது. அமெரிக்காவில் அந்த ஊர்ப் பெயரையும் கேட்கிறார்கள். அதை வைத்து, ஒரு கவுன்டியில் வேலை பார்ப்பவர்களில் 25 சதவீதம் பேராவது மைய நகருக்கு வேலைக்குப் போனால், அது அந்தப் பெருநகரத்தோடு சேர்ந்தது என்று இன்னொரு கோடு போடுகிறார்கள். அது ஆள் போய்வருவதை வைத்துப் போட்ட கோடு. நம்ம யூ.ஏ. கட்டடம் கட்டடத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பதை வைத்துப் போட்ட கோடு. நடுவில் நாலு தென்னந்தோப்பு வந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஊர் வெளியே. அங்கிருந்து காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டே வரும் பஸ் கூட்டம் கணக்கில் இல்லை.

2027

அடுத்த சென்சஸின் கணக்கு நாள் 2027 மார்ச் 1. ஊர் எல்லைகளில் மாற்றம் செய்வதாக இருந்தால் 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துவிடுங்கள், அதன்பிறகு கணக்கெடுப்பு முடியும்வரை எல்லைகள் உறைந்துவிடும் என்று மாநிலங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அதற்கு முன்னால் எங்கே பார்த்தாலும் ‘மாநகராட்சியோடு இணைக்காதே’ போராட்டங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அந்தக் கிராமத்து ஜனங்களைத் திட்டாதீர்கள். ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும். பஸ் எப்போது வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இழப்பது நாளைக்கே, கிடைப்பது என்றைக்கோ.

அரசாங்கமே இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறது. 2004-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகளை சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள், கிராமங்களுக்கான நிதி கிடைக்கட்டும் என்று. 2006-ல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். அந்த இரண்டு வருஷத்தில் அந்த ஊர்களில் ஒரு தெருகூட நகரவில்லை.

புது எண்கள் வந்ததும் கோவை 20 லட்சத்தைத் தாண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கோட்டுக்குள் எண்ணினார்கள் என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கும், அடுத்த ஊருக்கு, அடுத்த திட்டத்துக்கு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. சென்சஸ் கேட்காத அந்தக் கேள்விக்கான பதில் ஒவ்வொரு இன்ஜினியரிங் காலேஜின் டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலும் இருக்கிறது: பஸ் ரூட் லிஸ்ட். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஏறுகிறார்கள் என்பது அதில் இருக்கும். பேர், போன் நம்பர் எதுவும் வேண்டாம், ஸ்டாப் வாரியாக எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். ஒரே ரோட்டில் உள்ள நாலைந்து காலேஜ்களின் லிஸ்ட்டைச் சேர்த்து, க்யூஜிஐஎஸ்ஸில் புள்ளியாக வைத்து, மேலே மாநகராட்சி எல்லையையும் யூ.ஏ. எல்லையையும் போட்டுப் பாருங்கள். எத்தனை சதவீதம் புள்ளிகள் இரண்டு கோட்டுக்கும் வெளியே விழுகின்றன என்று எண்ணி, அந்தப் படத்தோடு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். போடுகிறோம்.